அவள் பக்கம் திரும்பாத கழுத்து

மார்ச் 4, செவ்வாய்

கழுத்துப்பட்டையோடு முட்டை சாப்பிடுவது எப்படி என்று இன்று கற்றுக்கொண்டேன். தட்டைக் குனிந்து பார்க்க முடியாது. முட்டை இருக்கும் திசையை மனதில் வைத்துக்கொண்டு கரண்டியை இறக்க வேண்டும். முதல் தடவை மேசையைக் குத்தினேன். அடுத்த தடவை உப்பு டப்பாவை. அதற்குமேல் பார்க்கப் பொறுக்காமல் என் மனைவி எழுந்து வந்து, தட்டை என் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப சீக்கிரம் சாப்பிடுங்க. எனக்குக் கை வலிக்குது."

எலும்பு முறியவில்லையாம். தசைதான் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். இடப்பக்கம் தாராளமாகத் திரும்பும், வலப்பக்கம் அறவே திரும்பாது. எப்போது சரியாகும் என்று டாக்டரைக் கேட்டேன். "ஆகலாம்" என்றார். நான் கேட்டது எப்போது என்று.

இதில் ஒரு சங்கடம். இவள் எப்போதும் என் வலப்பக்கம்தான் இருப்பாள். காரில் வலப்பக்கம், சோபாவில் வலப்பக்கம், கட்டிலில் வலப்பக்கம். இவளைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது நான் முழு உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது, அலமாரியை நகர்த்துவது போல.

மார்ச் 5, புதன்

இல்லை என்று தலையாட்ட வராது. ஆமாம் என்று மட்டும் கொஞ்சம் வருகிறது. ஆக, வீட்டில் எதுவும் மாறவில்லை.

மார்ச் 6, வியாழன்

மச்சினன் வந்தான். இவளுடைய தம்பி. தொழில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர், ஆனால் எந்த வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தாலும் முதலில் சட்டம்தான் வெளியே வரும்.

"மாமா, கேஸ் போடுங்க."

"யார் மேல?"

"அக்கா மேல."

சமையலறையிலிருந்து இவள் குரல்: "போடட்டும். டீயில சர்க்கரை எவ்வளவு?"

அவன் விளக்கினான். கார் அக்கா பெயரில். இன்சூரன்ஸ் அக்கா பெயரில். ஓட்டியது அக்கா. அடிபட்டது மாமா. மாமா அக்கா மேல் நஷ்டஈடு கேட்டால் பணத்தை அக்கா தரப் போவதில்லை, கம்பெனி தரும். "எத்தனை வருஷமா கட்டியிருக்கீங்க! கழுத்து போனாத்தான் அந்தப் பணம் திரும்பி வரும்." கழுத்து போனதில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது.

நடந்ததை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இனி ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லப் போகிறார்கள்.

நான் டென்னிஸ் கிளப்பில் நடுவர். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்வது என் வேலை. இவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வீட்டு வாசலிலேயே பலகை: "பாதுகாப்பே முதல் பாடம்." அன்று இவள் ஓட்ட, நான் பக்கத்தில். பூங்கா மதிலை ஒட்டி ஒரு கார் நின்றிருந்தது. அதன் சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, நன்றாக ஒரு சாண் வெளியே. என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அவுட்!" என்று கத்திவிட்டேன்.

வேறு யாராவது ஓட்டியிருந்தால் பிரேக் போட்டிருப்பார்கள், அல்லது என்னைத் திட்டியிருப்பார்கள். இவள் என்ன செய்தாள்? காரில் பக்கத்து ஆள் கத்தினால் இவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். பொறுமையாக என் பக்கம் முழுசாகத் திரும்பி, வழக்கமான குரலில் சொன்னாள்: "பதறக் கூடாது. மூச்சை இழுத்து விடுங்க. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் நேராப் பிடிங்க."

ஸ்டியரிங் இவளிடம்தான் இருந்தது. அதை இவள் மறந்துவிட்டாள். நானும் மறந்துவிட்டு மூச்சை இழுத்தேன். விடுவதற்குள் மதில் வந்துவிட்டது.

சாட்சி ஒரே ஒரு பூனை. மதில்மேல் இருந்தது. அதுவும் எந்தப் பக்கம் குதிப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மச்சினன் பிடித்துக் கொடுத்த வக்கீலம்மாவின் அறை. மேசையில் ஒரு மின்விசிறி இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. என் எதிரில் அது அப்படித் திரும்பியது எனக்குப் பிடிக்கவில்லை.

"முதல் விஷயம், எதிர்த்தரப்போட கேஸ் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சரிங்க. எதிர்த்தரப்பு யாரு?"

"உங்க மனைவி."

"அவங்க வெளியில உக்காந்திருக்காங்க. எக்ஸ்ரே அவங்க கையிலதான் இருக்கு."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். எதிர்த்தரப்பு தன் அலுவலகத்துக்குள் உட்காரக் கூடாது என்றார். இவளை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன் (நல்ல வேளை, ஜன்னல் இடப்பக்கம்). உச்சி வெயில். என் எக்ஸ்ரேயைத் தலைக்கு மேல் குடைபோலப் பிடித்தபடி தெருவில் நின்றிருந்தாள். முகத்தில் என் கழுத்தெலும்பின் நிழல்.

பஸ்ஸில்தான் திரும்பி வந்தோம். மதிலில் இடித்த நாள் முதல் இவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மாணவர்களிடம் தனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

மார்ச் 15, சனி

இன்சூரன்ஸ் கம்பெனி இவளுக்கு ஒரு வக்கீலை அமர்த்தியிருக்கிறது. இலவசம். அவரும் போனில் அதையேதான் சொன்னாராம்: எதிர்த்தரப்போடு பேசக் கூடாது.

இரவுச் சாப்பாட்டுக்கு மச்சினன் இருந்தது வசதியாகப் போயிற்று.

"டேய், அவருக்கு உப்பு வேணுமான்னு கேளு."

"மாமா, எதிர்த்தரப்பு உப்பு வேணுமான்னு கேக்குறாங்க."

"வேணும்னு சொல்லு. ஆனா அதை ஒத்துக்கிட்டதா எடுத்துக்கக் கூடாதுன்னும் சொல்லு."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்தால் கழுத்து வலிக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

வக்கீலம்மாவுக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன். உப்பு பற்றிப் பேசலாமாம்.

மார்ச் 19, புதன்

இன்று வக்கீலம்மா கேட்டதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இவள் கவனக்குறைவானவள் என்று நிரூபிக்க வேண்டுமாம். "ஒரு தடவை திரும்பிப் பாத்தாங்கன்னா அது தற்செயல். எப்பவுமே அப்படித்தான்னா அதுதான் நமக்கு வேணும். யோசிச்சுப் பாருங்க. எங்கயாவது உரசியிருப்பாங்க, மோதியிருப்பாங்க."

யோசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து இவள் ஓட்டிய காரில்தான் வந்துகொண்டிருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது. எறும்பு குறுக்கே போனால்கூட ஹாரன் அடித்து வழிவிடுகிறவள். இவள் கற்றுக்கொடுத்தவர்கள் ஊரெல்லாம் ஓட்டுகிறார்கள். சந்துமுனையில் ஒரு கார் நின்று, நிதானித்து, இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்பினால், அது இவளிடம் படித்த கை என்று எனக்குத் தெரியும்.

கூட வந்திருந்த மச்சினன் கையைத் தூக்கினான். "மேடம், ஒண்ணு இருக்கு. எனக்கு ஆறு வயசு. அக்கா என்னைச் சைக்கிள் பின்னாடி வச்சு ஓட்டிட்டு வந்து தண்ணித் தொட்டிக்குள்ள விட்டுடுச்சு."

வக்கீலம்மா அதை ஆவலோடு குறித்துக்கொண்டார். "அடிபட்டுதா?"

"இல்ல. நனைஞ்சேன்."

வீட்டுக்கு வந்தால் வாசல் பலகை திருப்பி மாட்டியிருந்தது. எழுத்து சுவரைப் பார்க்கிறது. கோர்ட்டில் கவனக்குறைவு என்று தீர்ப்பானால் பலகை அப்படியே நிற்கும். கவனக்குறைவானவளிடம் யார் வந்து கார் கற்பார்கள்?

எதற்கு இந்த வேலை நமக்கு? வேலியில் போற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனா?

மார்ச் 24, திங்கள்

எதிர்வீட்டு மரத்தடியில் நாலைந்து நாளாக ஒரு நீலக் கார். உள்ளே தொப்பி போட்ட ஒருவர், மடியில் கேமரா. நான் ஜன்னலுக்கு வந்தால் கேமரா ஏறுகிறது, போனால் இறங்குகிறது. என் கழுத்து உண்மையிலேயே திரும்பாதா என்று கண்டுபிடிக்கக் கம்பெனி அனுப்பிய ஆளாம். மச்சினன் விசாரித்து வந்து சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், இவள் தட்டில் டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்கிறாள். நீலக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி வாங்கிக்கொண்டார்.

"என்ன பண்ற நீ? அவன் என்னை வேவு பாக்குறான்!"

"கம்பெனி ஆளுதானே? கம்பெனி என் தரப்பு. அவரு என் கட்சி ஆளு. வெறும் வயித்தோட உக்கார வைக்க முடியுமா?"

பிஸ்கட் எங்கள் வீட்டுக் கடைசிப் பாக்கெட். அதில் எனக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. கேட்டால், கேஸ் பற்றிப் பேசக் கூடாது என்கிறாள்.

மார்ச் 30, ஞாயிறு

கிளப் செயலாளர் ஒரு யோசனையோடு வந்தார். ரொம்ப நல்ல மனுஷன், யோசனை மட்டும் வராமலிருந்தால் தேவலை.

"கழுத்து திரும்பலைன்னா என்ன சார்? நாற்காலி திரும்பட்டும்."

அலுவலகத்துச் சுழல் நாற்காலியைத் தூக்கி, நடுவர் ஏணியின் உச்சியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். பந்து இடப்பக்கம் போனால் தரையில் நின்ற மைதானக்காரர் கம்பால் நாற்காலியை ஒரு தள்ளு, வலப்பக்கம் வந்தால் இன்னொரு தள்ளு. முதல் ஆட்டம் பரவாயில்லை. ஆடியவர்கள் சூடுபிடித்ததும் மைதானக்காரருக்கும் சூடுபிடித்துவிட்டது. நான் பம்பரமாகச் சுற்றுகிறேன். ஒரு கட்டத்தில் வலை, வானம், வலை, செயலாளர், வானம். பந்து எங்கே விழுந்தது என்று என்னைக் கேட்டார்கள். எந்தப் பந்து என்று கேட்டேன்.

இறக்கிவிட்டதும் புல்லில் படுத்துக்கொண்டேன். கம்பிவேலிக்கு வெளியே கேமரா மின்னியது.

செயலாளர் பக்கத்தில் குந்தினார். "ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. கோடைப் போட்டிக்குள்ள கழுத்து சரியாகலைன்னா வேற ஆளைப் பாக்க வேண்டியதுதான்."

படுத்தபடி ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு எப்படியும் ஆட்ட வராதே.

வருத்தமாக இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எனக்கு என்னைக் கொஞ்சம் பிடிக்கும்.

ஏப்ரல் 3, வியாழன்

கம்பெனியிடமிருந்து சமரசப் பேச்சு வந்திருக்கிறது. ஒரு தொகை தருகிறார்கள். வைத்தியச் செலவு கழிந்து, மிச்சத்தில் இரண்டு மூன்று மாதம் மூச்சு விடலாம். யார் தப்பு என்று எங்கேயும் எழுத மாட்டார்கள். கையெழுத்துப் போட்டால் அத்தோடு முடிந்தது. நாளைக்குக் கழுத்து நிரந்தரமாக இப்படியே நின்றுவிட்டாலும் திரும்பப் போய்க் கேட்க முடியாது.

வேண்டாம், கோர்ட்டுக்குப் போவோம் என்கிறார் வக்கீலம்மா. ஜெயித்தால் இதைப்போல பல மடங்கு. நாற்காலி போனாலும் காலம் தள்ளலாம். ஆனால் ஜெயிக்க வேண்டுமென்றால் நாலு பேர் முன்னால் இவளைக் கூண்டில் ஏற்றி, தண்ணித் தொட்டியிலிருந்து ஆரம்பித்து, இவள் தொழிலை இவள் தலையிலேயே போட்டு உடைக்க வேண்டும்.

இவள் என்ன சொல்கிறாள்? பேசக் கூடாது என்ற விதியை மீறி, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "கோர்ட்டுக்கே போங்க. எம்மேல தப்புன்னே சொல்லுங்க. நாற்காலி போச்சுன்னா நீங்க வீட்ல உக்காந்து என்ன பண்ணுவீங்க? நான் தோசைத் திருப்பியை கீழ வச்சாக்கூட உள்ள வெளியன்னு சொல்லிட்டிருப்பீங்க."

"உன் தொழில்?"

"எனக்கு வேற கைத்தொழில் தெரியாதா?"

தெரியாது. இருவருக்கும் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 9, புதன்

மதில்மேல் பூனை. அன்று அதைப் பார்த்துச் சிரித்தேன்.

ஏப்ரல் 12, சனி

நீலக் கார்க்காரரிடம் வீட்டுக்காரி என்ற முறையில் இவள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டாள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாதாம்! காலையில் அவருடைய தங்கை புருஷன் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போகிறாராம், சாயங்காலம் வந்து எடுத்துப் போகிறாராம். நடுவில் நான் எங்காவது கிளம்பினால்? "ஓடித்தான் வருவேன் மேடம்" என்றாராம். கிளப்புக்கு அன்று பஸ்ஸின் பின்னால் ஓடி வந்திருக்கிறார். பாவம், படமெடுக்கும்போது கை நடுங்கியிருக்கும்.

இவளிடம் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினாராம்.

"நான் இப்ப யாருக்கும் சொல்லித்தர்றதில்லைங்க" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மத்தியானம் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். போர்வை போட்டு மூடியிருக்கும் எங்கள் கார். ஒரு பக்கம் போர்வையைத் தூக்கி உள்ளே நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். எஞ்சின் போடவில்லை. கியர் மாற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் இவள் குரல், தனியாக, யாருமில்லாத பக்கத்து இருக்கையிடம்: "பதறக் கூடாது. மூச்சை இழுத்து விடுங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள். குரல் சரியாக வரவில்லை.

நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முயன்றேன். முடியவில்லை. அழுகை வந்தது, அதற்கும் கழுத்து வலித்தது.

ஏப்ரல் 17, வியாழன்

சண்டை. நல்ல சண்டை. எழுதாம விட்டா தூக்கம் வராது.

சமரசத்துக்குப் போகலாம்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்! மச்சினன் குதிக்கிறான், வக்கீலம்மா போன்ல குதிக்கிறாங்க, அதெல்லாம் சரி. இவ ஏன் குதிக்கணும்? எம்மேல கேஸ் போடுங்க போடுங்கன்னு புருஷனை விரட்டுற பொண்டாட்டி உலகத்துல உண்டா?

"என்னைக் காப்பாத்துறதா நெனப்பா உங்களுக்கு?"

"நீ மட்டும் என்னைக் காப்பாத்தலாமா?"

"நான் இடிச்சேன். நான் தானே ஓட்டினேன்?"

"நான் கத்தினேன். நுணலும் தன் வாயால் கெடும்னு எனக்காகத்தான் சொல்லி வச்சிருக்காங்க."

"கத்தினா திரும்பக் கூடாதுன்னு நான்தானே ஊருக்கெல்லாம் சொல்லித்தர்றேன்!"

இப்படியே, தப்பு என்னுது, இல்ல என்னுது, பந்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம். தம்பிக்காரன் நடுவில உக்காந்து தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பி, கடைசியில் "எனக்குக் கழுத்து வலிக்குது" என்று எழுந்து போய்விட்டான்.

சண்டையின்போது நான் சுவரைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தேன். இவள் வலப்பக்கம் இருந்தாள். ஒரு இடத்தில் இவள் எழுந்து வந்து என் முன்னால் நின்று, "என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். பார்த்தேன். பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று சமரசக் கூட்டம். சின்ன அறை, நீள மேசை. ஒரு பக்கம் நானும் வக்கீலம்மாவும். எதிர்ப்பக்கம் இவளும் கம்பெனி வக்கீலும். மேசையின் தலைப்பக்கம் பேச்சை நடத்தும் பெரியவர், முன்னாள் நீதிபதியாம். காதோரம் வெள்ளை முடி, கையில் இருமல் மிட்டாய். எதிரெதிரே உட்கார வைத்ததில் ஒரு நன்மை: இவளை நேராகப் பார்க்க முடிந்தது. என் கழுத்துப்பட்டையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பதாகச் சைகை காட்டினாள். இரண்டு வக்கீல்களும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

கம்பெனி வக்கீல் படங்களைப் பரப்பினார். நான் நாற்காலியில் சுற்றும் படங்கள். "பாருங்க ஐயா. இதுல இடப்பக்கம் பாக்குறார். இதுல வலப்பக்கம்."

"திரும்பினது நாற்காலி, கழுத்து இல்ல" என்றார் வக்கீலம்மா.

"நாற்காலி திரும்பினா கழுத்தும் கூடவே போகுமே?"

"கழுத்து போச்சு. திரும்பலை."

பெரியவர் ஒரு படத்தைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அதில் நான் புல்லில் படுத்திருந்தேன்.

பிறகு முக்கியமான கட்டம். கம்பெனி வக்கீல் இவளைத் தூக்கி நிறுத்தினார். இவள் கற்றுக்கொடுத்தவர்களைப் பற்றி, கீறலே இல்லாத காரைப் பற்றி, அன்று நான் போட்ட கூச்சலைப் பற்றி. கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அனிச்சையாக ஆமாம் ஆமாம் என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டேன். வக்கீலம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

அவர் எழுந்து தண்ணித் தொட்டிக் கதையை எடுத்தார். அப்போது இவள் குறுக்கிட்டாள்.

"ஐயா, தொட்டி உண்மைதான். மதிலும் உண்மைதான். நான் திரும்பினது தப்பு. அவருக்குச் சேர வேண்டியதைக் குடுத்துடுங்க."

கம்பெனி வக்கீலுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அம்மா, நீங்க நம்ம பக்கம்மா!"

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, நான் கத்தலைன்னா அவங்க திரும்பியிருக்க மாட்டாங்க. தப்பு என்னுது."

"சார், உக்காருங்க!" என்றார் வக்கீலம்மா. சொந்தக் கட்சிக்காரனின் சட்டையைப் பிடித்து இழுக்கும் வக்கீலை நான் அதுவரை பார்த்ததில்லை.

பெரியவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "இத்தனை வருஷத்துல, நான்தான் தோத்தேன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறதை இன்னிக்குத்தான் பாக்குறேன். நீங்க நடுவர்னு போட்டிருக்கே. உங்க ஆட்டத்துல இப்படி ஆனா என்ன சொல்வீங்க?"

யோசிக்கவே இல்லை. நாற்காலியில் இருக்கும்போது எங்கே யோசிக்கிறோம்? வாய் தானாகச் சொல்லிற்று.

"லெட்."

"அப்படின்னா?"

"பந்து போடும்போது வலையில பட்டு உள்ள விழும் ஐயா. யார் தப்பும் இல்ல. யாருக்கும் புள்ளி இல்ல. கணக்குல எழுத மாட்டோம். மறுபடியும் முதல்லேர்ந்து ஆடணும்."

எதிரில் இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

மச்சினன் பேசமாட்டேன் என்று சொல்வதற்காக மூன்று தடவை போன் செய்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

பணம் வந்தது. வந்த வழியிலேயே மருந்துக்கடை, வக்கீல், காரைச் சரிசெய்த மெக்கானிக், மதில் கட்டிய கொத்தனார் என்று போய்விட்டது. பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார் டாக்டர். வலப்பக்கம் ஒரு விரற்கடை திரும்புகிறது. "இன்னும் திரும்புமா?" என்றேன். "திரும்பலாம்" என்றார். இவரை நடுவர் நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு ஆட்டமும் முடியாது.

கோடைப் போட்டிக்கு வேறு ஆள். சின்ன வயது, கழுத்து காற்றாடி போலத் திரும்புகிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு பந்தைத் தப்பாகச் சொன்னான். எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன், பொசுக்கென்று இருந்தது.

கையெழுத்துப் போட்டது முட்டாள்தனமோ? போடும்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. நாளைக்குத் தோன்றாமல் இருக்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

செயலாளருக்கு இன்னொரு யோசனை. இந்த முறை நல்லதாகவே வந்துவிட்டது. புதிதாகக் கற்க வருகிறவர்களின் ஆட்டங்களுக்கு நான் நடுவர். அவர்கள் அடிக்கும் பந்து வலையைத் தாண்டி அந்தப் பக்கம் போவதே இல்லை. பாதி மைதானம் பார்த்தால் போதும். என் கழுத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை. சம்பளமும் பாதி.

ஏணியில் ஏறி உட்கார்ந்ததும் கால் கூசியது. சந்தோஷம்தான்.

மே 7, புதன்

காலையில் வாசலில் சத்தம். நீலக் கார்க்காரர். கேஸ் முடிந்ததால் அவருக்கும் வேலை போய்விட்டது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "மேடம், இப்ப நான் யார் கட்சியும் இல்ல. கத்துக்கலாமில்ல?" என்றார்.

இவள் உள்ளே போனாள். வரவே மாட்டாள் என்று நினைத்தேன். ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். பலகையைக் கழற்றி எழுத்து தெரியும்படி மாட்டினாள். கொஞ்சம் கோணல். சொல்ல வாயெடுத்தேன், முழுங்கிக்கொண்டேன்.

"சனிக்கிழமை வாங்க" என்றாள் அவரிடம். "அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்."

மே 9, வெள்ளி

போர்வையை எடுத்தோம். இவள் ஏறினாள். நான் அதே இருக்கையில். பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், என்னுடையதை மூன்று தடவை.

தெருமுனையில் நின்றாள். நிதானித்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், கண்டுகொள்ளவில்லை.

வேண்டுமென்றே பூங்கா வழியாகத் திருப்பினாள். முதல்லேர்ந்து ஆடணுமில்லையா? மதிலில் புதுப் பூச்சு மட்டும் தனி நிறத்தில் இருந்தது. மேலே பூனை இல்லை, எந்தப் பக்கமோ குதித்துவிட்டது. மதிலை ஒட்டி வரிசையாகக் கார்கள். அதில் ஒன்று, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, அன்றைக்கு நின்றதைவிட மோசமாக, பாதி வண்டி வெளியே. யார் பெற்ற பிள்ளையோ!

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இவள் கை இரண்டும் ஸ்டியரிங்கில் இறுகியிருந்தது. கண் ரோட்டில். "பாத்துட்டேன்" என்றாள். "சொல்லிடுங்க. இல்லைன்னா ராத்திரி பூரா தூங்க மாட்டீங்க. நான் திரும்ப மாட்டேன்."

"எதை?"

"அந்தக் காரை. அவுட்தானே?"

"தெரியலை. நான் பாக்கலை" என்றேன்.

உண்மைதான். கோடு இடப்பக்கம் இருந்தது. நான் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுசாக இல்லை, வலித்தது, ஆனால் இவள் காதும், கன்னமும், உதட்டைக் கடித்திருந்ததும் தெரியும் அளவுக்குக் கழுத்து போயிருந்தது.

"என்னையே ஏன் பாக்குறீங்க?" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "ரோட்டைப் பாருங்க."